முப்பத்தொரு பெயர்கள்

இந்தியாவில் வேலை பார்க்கலாம் என்ற அனுமதி நிரோஷினிக்குக் கிடைத்த அதே வாரத்தில்தான் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது ஐம்பது சதவீத வரி போட்டது. இரண்டு செய்தியும் ஒரே காலையில், தூத்துக்குடி மில்லர்புரம் வீட்டின் ஒரே சாப்பாட்டு மேசைக்கு வந்தன. அனுமதிக் கடிதத்தை அவள் கைபேசியில் நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே அவள் கணவன் ஜெபின் வரிச் செய்தியைப் பேப்பரில் படித்துக்கொண்டிருந்தான்.

"நல்ல நேரம் பாத்துத்தான் குடுத்திருக்கானுவ," என்றான் ஜெபின்.

"வரி இறாலுக்குத்தானே. எனக்கு இல்லையே," என்றாள் நிரோஷினி.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒரு மாதத்துக்குள் அந்த வரி தனக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நிரோஷினி கொழும்புக்காரி. அப்பா மன்னாரிலிருந்து வந்து கொழும்பை ஒட்டிய வத்தளையில் குடியேறியவர். அவளுடைய பேச்சில் இன்னும் மன்னார்தான் இருந்தது. கொழும்பில் ஒரு கப்பல் ஏஜென்சியின் டாகுமெண்டேஷன் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். தூத்துக்குடி, கொச்சி, சிட்டகாங் என்று சுற்றியுள்ள துறைமுகங்களிலிருந்து சின்னக் கப்பல்களில் வருகிற கன்டெய்னர் பெட்டிகளைக் கொழும்பில் இறக்கிப் பெரிய கப்பலில் மாற்றி ஏற்றுவார்கள். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறும், எந்தக் காகிதம் இல்லாவிட்டால் ஏறாது என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடைசி மூன்று வருடம் அந்தப் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு. அவளுக்குக் கீழே ஐந்து பேர்.

ஜெபின் குளிரூட்டும் பெட்டிகளைப் பழுது பார்க்கிற மெக்கானிக். சொந்த ஊர் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் நாசரேத். அவன் கம்பெனி எட்டு மாதம் அவனைக் கொழும்பு யார்டுக்கு அனுப்பியிருந்தது. ஒரு பெட்டியின் வெப்பநிலைக் கணக்கு தவறு என்று நிரோஷினி போனில் சண்டை போட, சரிதான் என்று அவன் பதிலுக்குச் சண்டை போட, கடைசியில் கணக்குத் தவறு என்று அவனே நேரில் வந்து ஒப்புக்கொண்டான். அங்கே தொடங்கியது, வத்தளை தேவாலயத்தில் கல்யாணத்தில் முடிந்தது. கல்யாணமான கையோடு அவள் தூத்துக்குடிக்கு வந்தாள்.

வந்தவள் ஒன்றரை வருடத்துக்கு மேல் வீட்டில் இருந்தாள். பதிவு, போலீஸ் விசாரணை, இன்னொரு பதிவு, இன்னொரு கையெழுத்து. வேலை பார்க்காமல் இருந்து பழகாதவள் அவள். ஜெபினின் அம்மா தேவகனி மிஷன் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்; அவளுக்கு மருமகளின் தவிப்பு தெரிந்திருந்தது. "ஏளா நிரோ, பேப்பர் வரட்டும். நீ படிச்ச படிப்புக்கும் பாத்த வேலைக்கும் இந்த ஊர்ல கூப்பிட்டுக் குடுப்பாவ," என்று அடிக்கடி சொல்வாள். நிரோஷினியும் அப்படித்தான் நம்பினாள். கொழும்பில் அவள் மேசைக்கு வந்த பெட்டிகளில் பாதி இந்த ஊரிலிருந்து போனவை. இங்கே தனக்கு ஒரு நாற்காலி இல்லாமலா போகும்?

பேப்பர் வந்தபோது நாற்காலிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

இறால் கம்பெனிகளில் ஷிப்டு குறைந்தது. திருப்பூரிலிருந்து வருகிற பனியன் லாரிகள் குறைந்தன. பெட்டி குறைந்தால் ஏற்றுமதிக்காரர், கிளியரிங் ஏஜெண்ட், லாரிக்காரர், யார்டுக்காரர் என்று வரிசையாக எல்லோருக்கும் வேலை குறையும். நிரோஷினி மூன்று வாரத்தில் பதினான்கு அலுவலகங்களில் ஏறி இறங்கினாள். தன் ஸ்கூட்டரில், வெயிலில், துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகளுக்கு நடுவே. எல்லா இடத்திலும் தன்மையாகத்தான் பேசினார்கள், வேலைதான் இல்லை.

பேச்சும் பெரும்பாடாக இருந்தது. ஓர் அலுவலகத்தில், "மேனேஜரோட கொஞ்சம் கதைக்கலாமா?" என்று அவள் கேட்க, வரவேற்பில் இருந்த பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "கதை சொல்ல வந்திருக்கீங்களாக்கா?" என்றாள். இன்னோர் இடத்தில் கேட்டதற்கெல்லாம் அவள் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்று சொல்ல, எதிரே இருந்தவர் சாமி படத்தைத் திரும்பிப் பார்த்தார். அதையெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டி மாமியாரைச் சிரிக்க வைத்தாள். ஒன்றை மட்டும் நடித்துக் காட்டவில்லை.

அது அற்புதமணி என்பவரின் அலுவலகத்தில் நடந்தது. ஹார்பர் எஸ்டேட்டில் இருபத்தைந்து வருடமாக ஏற்றுமதிச் சரக்கை அனுப்பிக் கொடுக்கிற சிறிய நிறுவனம். அறுபதை ஒட்டிய மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி. அவள் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே, "சிலோனா? எந்த முகாம்?" என்றார்.

"முகாம் இல்லை சேர். கலியாணம் கட்டி வந்தனான்," என்றாள் நிரோஷினி. பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம்தான், ஆனால் விடவில்லை: "முகாமில இருந்து வந்திருந்தாலும் இந்த வேலை தெரிஞ்சிருந்தா எடுப்பீங்கதானே சேர்?"

அற்புதமணி நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "யாரையும் எடுக்க இது நேரமில்லம்மா. போன மாசம் நாலு பேரை நிறுத்தியிருக்கேன்," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தேவகனி சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று, வருவோர் போவோரிடமெல்லாம், "எங்க மருமவ கொழும்பு ஆபீஸ்ல அஞ்சு பேருக்கு மேல அதிகாரியா இருந்தவ. எங்கனயாவது இருந்தா சொல்லுங்க," என்றாள். ஆறு பேருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அறுநூறு பேருக்குத் தெரிந்தது. அடுத்த வாரத்தில் ஒரு ஜவுளிக்கடை பில் கவுண்டர், ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்சி, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு டியூஷன் சென்டர் என்று மூன்று அழைப்புகள் வந்தன. நிரோஷினிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"அம்மா, எனக்காக இப்பிடிக் கேக்கிறது எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"கேக்காம யாருக்குத் தெரியும்? ஒன்னைய இந்த ஊர்ல யாருக்குத் தெரியும் சொல்லு," என்றாள் தேவகனி. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நடைமுறையாகச் சொன்னாள்.

அந்தக் கேள்வி நிரோஷினியின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் ஜெபின் வேலைக்குப் போனபின் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையிலிருந்த சட்டையைப் போட்டுவிட்டு ஒரு நோட்டை எடுத்தாள். என்னை இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? ஒன்பது வருடம் தினமும் இந்த ஊரிலிருந்து மெயில் வந்ததே. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் இருந்ததே. போனில் குரல்கள் வந்தனவே. பெட்டி எண் தப்பாக வந்தால் கெஞ்சியவர்கள், காகிதம் தாமதமானால் சபித்தவர்கள், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பியவர்கள். முகம் ஒன்றுகூடத் தெரியாது. பழைய ஆபீஸ் மெயில் இப்போது கையில் இல்லை, நினைவிலிருந்தே எழுதினாள். மத்தியானச் சோறு பொங்கி வழிவதற்குள் முப்பத்தொரு பெயர் ஆனது.

நோட்டை வாங்கிப் பார்த்த தேவகனி, மதிப்பெண் போடுகிற டீச்சர் மாதிரி தலையாட்டினாள். "சரி. இனி ஒவ்வொண்ணாத் தேடு."

தேடுவது லேசாக இல்லை. சிலர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் கொரோனாவில் இறந்திருந்தார். ஒருத்தி கல்யாணமாகி வேலையை விட்டு சாகுபுரத்தில் இருந்தாள், போனில் நிரோஷினியின் குரலைக் கேட்டதும், "நிரோஷினி மேடமா? ஐயோ, நீங்க என்னைய எவ்வளவு திட்டியிருக்கீங்க!" என்று கத்திச் சிரித்தாள். கண்டுபிடித்தவர்களெல்லாம் மகிழ்ந்துதான் போனார்கள். ஒரு கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்ட் அலுவலகத்தில் இருந்த ஐஸ்வர்யா என்ற பெண், இவள் பெயரைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ஐம்பது வயசு மேடம்னு நெனச்சேன்க்கா. மெயில் அப்படி இருக்கும்," என்றாள். டீ வாங்கிக் கொடுத்தாள். தன் சொந்த நம்பரைக் கொடுத்தாள். வேலை மட்டும் இல்லை. "எங்களையே எப்ப அனுப்புவாங்கன்னு தெரியலக்கா."

பட்டியலில் முதல் பெயர் ஜெயகணேஷ். கிளியரிங் நிறுவனம் ஒன்றில் சுங்க அலுவலக வேலைகளைப் பார்ப்பவர். ஒன்பது வருடத்தில் அவளோடு அதிகம் பேசியவர் அவர்தான். "துறைமுகத்துல இருந்து ஜெயகணேஷ் பேசுதேன் மேடம்" என்று அவர் ஆரம்பிக்கிற விதமே ஒரு பாட்டு மாதிரி இருக்கும். சுங்க அலுவலகத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் அவரைப் பிடித்தாள். நாற்பத்தாறு வயது, இஸ்திரி போட்ட சட்டை, கக்கத்தில் ஃபைல்.

"மேடம், நீங்களா! தூத்துக்குடியிலயா இருக்கிய? ஒரு வார்த்தை சொல்லலியே!" அவருக்குக் கண் கலங்கியே விட்டது. "கவலைப்படாதீங்க. நாளைக்கு ஆபீசுக்கு வாங்க, முதலாளிகிட்ட நான் பேசுதேன்."

நாளை என்பது வெள்ளிக்கிழமை ஆனது. வெள்ளிக்கிழமை முதலாளி மதுரைக்குப் போய்விட்டார். அடுத்த திங்களும் அவருக்கு வசதிப்படவில்லை. நிரோஷினி பொறுமையில்லாமல் செவ்வாய்க்கிழமை நேராக அந்த அலுவலகத்துக்கே போய்விட்டாள். அங்கிருந்த பெண் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஜெயகணேஷ் அண்ணாச்சியா? அவுகளை நிறுத்தி ரெண்டு மாசமாச்சேம்மா."

நிரோஷினி டீக்கடைக்குத் திரும்பி வந்தாள். அவர் அங்கேதான் இருந்தார், அதே சட்டை மடிப்போடு. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஃபைலைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஃபைலுக்குள் அன்றைய பேப்பர்தான் இருந்தது.

"வீட்லயும் சொல்லல மேடம்," என்றார் மெதுவாக. "காலையில சாப்பாடு கட்டிக் குடுக்கா. வாங்கிட்டு வாரேன். இங்கன உக்காந்திருக்கேன். யாராவது பழைய ஆளுவ ஒரு வேலை சொன்னா செஞ்சு குடுக்கேன். நீங்க என்னைய நம்பி வந்து கேட்டிய. இல்லைன்னு சொல்ல வாய் வரல."

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம்தான். ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறார். ஆனால் பதினான்கு அலுவலகத்தில் ஏறி இறங்கிய காலுக்கு அந்தக் கூச்சம் என்னவென்று தெரியும்.

"அண்ணா," என்றாள். அதுவரை அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நீங்களும் வேலை தேடுறீங்க, நானும் தேடுறன். உங்களுக்கு இங்க எல்லாரையும் தெரியும். எனக்குக் கொழும்பில எல்லாரையும் தெரியும். சேர்ந்து தேடுவம். முதல்ல இண்டைக்கு வீட்டில சொல்லுங்க."

அவர் அன்று சாயங்காலமே மனைவி முருகேஸ்வரியிடம் சொன்னார். சத்தம் போடுவாள் என்று பயந்திருந்தாராம். அவளோ, "இதை மறைச்சுக்கிட்டா ரெண்டு மாசமா வெயில்ல உக்காந்திருந்திய?" என்று கேட்டுவிட்டு அழுதாளாம். மறுநாள் காலையில் இதைச் சொல்லும்போது ஜெயகணேஷின் தோள் இரண்டும் ஒரு சுமை இறங்கிய மாதிரித் தளர்ந்திருந்தன.

அதன்பிறகு இருவரும் ஒழுங்காகத் தேடினார்கள். அவர் டி.வி.எஸ்ஸில் முன்னே போவார், அவள் ஸ்கூட்டரில் பின்னே போவாள். ஒவ்வொரு அலுவலகத்திலும் அவர் உள்ளே நுழைந்து, "இவங்க யாரு தெரியுமா? கொழும்பு நிரோஷினி மேடம்," என்று அறிமுகப்படுத்துவார், அவள் அவருடைய வேலையைப் பற்றிச் சொல்வாள். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளக் கூசுகிற இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது. தேவகனி, "அந்த மனுஷனையும் கூட்டிட்டு வா, வீட்ல சாப்பிடட்டும்," என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் மீன்குழம்போடு நோட்டை விரித்து வைத்து, யாரைப் பார்த்தாயிற்று, யாரைப் பார்க்கவில்லை என்று மூன்று பேரும் பேசுவார்கள்.

வேலை கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. துறைமுகச் சாலையில் அவளை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கொழும்பில் எந்தக் கப்பல் தாமதம், எந்த முனையத்தில் நெரிசல் என்று சந்தேகம் கேட்டு அவளுக்கே போன் வர ஆரம்பித்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்னாள்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். டீக்கடையில் இருந்த ஜெயகணேஷ் ஓடாத குறையாக அவள் ஸ்கூட்டருக்கு எதிரே வந்தார்.

"அற்புதமணி அண்ணாச்சி ஆபீஸ்ல ஒரே களேபரம். அவரு அனுப்புன நாலு இறால் பெட்டி கொழும்புல நிக்குது. நியூயார்க்குக்குப் போவ வேண்டியது. வரிக்குப் பயந்து அமெரிக்காக்காரன் வேண்டாம்னுட்டான். இறால் கம்பெனிக்காரர் வியட்நாம்ல வேற ஆளைப் பிடிச்சிட்டாரு. ஆனா பெட்டியைத் திருப்ப முடியல. இன்னைக்கு அமெரிக்கக் கப்பல்ல ஏத்திருவானாம்."

"ஏன் திருப்ப ஏலாதாம்?"

"சரக்கை ஏத்துனதுக்குக் கப்பல்காரன் குடுத்த பில் ஆஃப் லேடிங் ஒரிஜினல் கேக்குதாவ. அது கூரியர்ல அமெரிக்க பேங்குக்குப் போயிட்டு. அது திரும்பி வர ஒரு வாரம் ஆவும். சென்னையில இருக்க கப்பல் கம்பெனி ஆபீஸ்ல கெஞ்சிக்கிட்டு இருக்காவ. ஒரிஜினல் இல்லாம முடியாதுங்கான்."

நிரோஷினி ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

அற்புதமணியின் அறையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் காதிலும் போன். இறால் கம்பெனிக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அற்புதமணி அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். "அம்மா, வேலை விஷயம் அப்புறம் பாப்போம். இப்ப..."

"வேலை கேட்டு வரேல்ல சேர். பெட்டியை நிப்பாட்ட வந்தனான்."

இரண்டு பேர் போனைக் காதிலிருந்து எடுத்தார்கள்.

"நீங்க பெட்டி போற ஊரை மாத்தக் கேக்கிறீங்க. அதுக்கு ஒரிஜினல் வேணும்தான். ஆனா அது நாளைக்கும் மாத்தலாம், அடுத்த கிழமையும் மாத்தலாம். இண்டைக்குச் செய்ய வேண்டியது ஒண்டுதான். பெட்டி அந்தக் கப்பல்ல ஏறக்கூடாது. ஏத்துற பட்டியலை மூடுறதுக்கு முன்னம், இந்த நாலு பெட்டியையும் ஏத்தாம வைங்க எண்டு இங்க இருக்கிற ஏஜெண்ட் கொழும்புக்கு ஒரு மெயில் அனுப்பினாக் காணும். அதுக்கு ஒரிஜினல் தேவையில்லை. பெட்டி யார்டில கரண்டில நிக்கும், இறால் உறைஞ்சபடியே இருக்கும். காகிதம் பிறகு வரட்டும்."

அற்புதமணி கண்ணாடியை மூக்கிலிருந்து எடுத்தார். "சென்னையில யாரும் இதைச் சொல்லலியே."

"சென்னையில கேட்டா சென்னைப் பதில்தான் வரும் சேர். நிப்பாட்டுறது கொழும்பு டெஸ்க். பட்டியல் எத்தினை மணிக்கு மூடுவினம்?"

"ரெண்டு மணி," என்றார் ஒருவர்.

மணி பதினொன்றே முக்கால்.

ஜெயகணேஷ் அதற்குள் வாசலில் நின்று, அந்தக் கப்பல் கம்பெனியின் உள்ளூர் ஏஜெண்ட் அலுவலகத்துக்குப் போன் போட்டிருந்தார். ஐஸ்வர்யா இருந்தது அங்கேதான். "ஐஸ்வர்யா, நான் ஜெயகணேஷ். மேனேஜர் கையெழுத்துப் போட்டு ஒரு மெயில் போவணும்மா. நான் அங்கன வாரேன், லெட்டரோட," என்று சொல்லிக்கொண்டே டி.வி.எஸ்ஸை உதைத்தார். கடிதத்தை நிரோஷினி சொல்லச் சொல்ல அற்புதமணியின் ஆள் டைப் அடித்தார். ஐந்து வரி. பெட்டி எண் நான்கையும் அவளே மூன்று தடவை சரிபார்த்தாள். ஒரே ஓர் எண் மாறினாலும் யாருடைய பெட்டியோ நிற்கும், இவர்களுடையது போய்விடும்.

பிறகு அவள் தன் போனை எடுத்து, கொழும்பில் அந்தக் கம்பெனியின் டெஸ்க்கில் இருக்கிற ருவனை அழைத்தாள். வேறு கம்பெனி ஆள்தான்; ஆனால் ஒன்பது வருடம் ஒரே துறைமுகத்தில் முட்டிக்கொண்டவர்கள். அவனிடம் அவள் சிங்களத்தில் பேசினாள். வேகமாக, சிரித்து, நடுவில் ஒரு தடவை குரலை உயர்த்தி, மறுபடி தணித்து. அறையில் இருந்த யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு இவள் யாரிடமும் உதவி கெஞ்சவில்லை என்பது மட்டும் புரிந்தது. ஐந்து பேருக்குப் பொறுப்பாக இருந்தவளின் குரல் அது. அவளுக்கே அந்தக் குரலைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

"மெயில் வந்த உடனே கையில எடுப்பான். வராட்டி ஒண்டும் செய்ய ஏலாதாம்," என்றாள் போனை வைத்துவிட்டு.

பன்னிரண்டே முக்காலுக்கு மெயில் போனது. சாப்பிடப் போய்க்கொண்டிருந்த ஐஸ்வர்யாவின் மேனேஜரை மாடிப்படியில் மறித்துக் கையெழுத்து வாங்கினாராம் ஜெயகணேஷ். ஒன்றரைக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. நான்கு பெட்டி எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நிறுத்தப்பட்டது என்று ஒரே சொல். இறால் கம்பெனிக்காரர் எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல், நிரோஷினியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் ஜெபினைத்தான் முதலில் கேட்டாள். "கொழும்பு யார்டில ரெண்டு கிழமை, பதினாலு நாள் நிண்டா இறால் தாங்கும்தானே?"

"மைனஸ் இருபதுல வச்சா ரெண்டு மாசம் தாங்கும்," என்றான். பிறகுதான் அவனுக்கு என்ன நடந்தது என்று சொன்னாள். "நீ அன்னைக்கு எங்கிட்ட போன்ல சண்டை போட்டியே, அதே ஆளு," என்றான் ஜெபின்.

ஒன்பதாம் நாள் ஒரிஜினல் காகிதங்கள் திரும்பி வந்தன. புதிய சுகாதாரச் சான்றிதழ் வாங்கி, ஊர் மாற்றி, நான்கு பெட்டிகளும் வியட்நாமுக்குப் போயின. அந்த ஒன்பது நாளும் அற்புதமணி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவளும் போய்ச் செய்து கொடுத்தாள். பத்தாம் நாள் அவர், "அப்ப நீ நாளையில இருந்து வந்துரு. பாத்துக்கிடலாம்," என்றார்.

நிரோஷினி எழவில்லை. "சேர், பாத்துக்கிடலாம் எண்டா எனக்கு விளங்காது. என்ன பதவி, என்ன பொறுப்பு எண்டு எழுதித் தாங்க. நான் ஒன்பது வருஷம் இந்த வேலை செஞ்சனான். பழகுற ஆளா வர மாட்டன்."

வெளியே வரவேற்பு மேசையில் இருந்த பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாளாம். வேலையே இல்லாத நேரத்தில், ஊரே தெரியாத ஒருத்தி, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளாமல் இப்படிக் கேட்கிறாளே என்று.

"அன்னைக்கு எந்த முகாம்னு கேட்டேன்லா," என்றார் அற்புதமணி. "அப்படிக் கேட்டிருக்கக் கூடாது." பிறகு உள்ளே குரல் கொடுத்து லெட்டர்பேடு கொண்டு வரச் சொன்னார். டாகுமெண்டேஷன் பிரிவுப் பொறுப்பாளர் என்று அவரே தன் கையால் எழுதிக் கையெழுத்திட்டார்.

ஜெயகணேஷுக்கு அன்று அங்கே இடம் இல்லை. நிரோஷினி கேட்டாள், ஓர் ஆளுக்குத்தான் இப்போது முடியும் என்று அற்புதமணி நேராகச் சொல்லிவிட்டார். டீக்கடையில் போய் இதை எப்படிச் சொல்வது என்று அவள் தயங்கினாள். ஜெயகணேஷ் ஆர்டர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, கடைக்காரரிடம் நீட்டி, "படிச்சுப் பாரும் அண்ணாச்சி, நம்ம தங்கச்சி," என்றார். அதில் ஒரு துளி பொறாமை இல்லை. இருந்திருந்தாலும் அவள் தப்பாக நினைத்திருக்க மாட்டாள்.

வேலைக்குச் சேர்ந்தபின் அவள் அவரை மறக்கவில்லை. அமெரிக்கா இல்லாவிட்டால் வேறு எங்கே அனுப்பலாம் என்று அந்த மாதங்களில் ஏற்றுமதிக்காரர்களெல்லாம் அலைந்துகொண்டிருந்தார்கள். நடுவழியில் ஊர் மாற்ற வேண்டிய பெட்டிகள் கூடின. அந்த வேலைக்குத் தூத்துக்குடியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் அவை அற்புதமணியின் அலுவலகத்துக்கு வந்தன. டிசம்பர் கடைசியில் சுங்க அலுவலக ஓட்டத்துக்கு அற்புதமணிக்கே இன்னோர் ஆள் தேவைப்பட்டது. யாரைப் போடலாம் என்று அவர் கேட்கவில்லை. "ஒங்க அண்ணனை வரச் சொல்லு," என்றார்.

நிரோஷினிக்குத் துறைமுகத்துக்குள் போகிற பாஸ் கிடைக்க இன்னும் நாளானது. வெளிநாட்டுக்காரி என்பதால் மறுபடி விசாரணை, மறுபடி கையெழுத்து. பொங்கல் முடிந்த வாரம் அது கைக்கு வந்தது. அன்று மத்தியானமே ஒரு குளிர்ப்பெட்டியின் சீல் எண்ணைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஜெயகணேஷ் போகிறேன் என்றார். "இல்லை அண்ணா, நான் போறன்," என்று அவள் தலைக்கவசத்தையும் ஆரஞ்சு நிற மேலங்கியையும் மாட்டிக்கொண்டு வாசலில் அட்டையை வைத்தாள். கம்பி தானாகத் திறந்தது.

ஒன்பது வருடம் அந்தத் துறைமுகம் அவளுக்கு ஐந்து எழுத்துக் குறியீடு. மெயிலின் மேல் வரியில் வரும், அவ்வளவுதான். இப்போது கண்முன்னே இருந்தது. கிரேன்கள் நீலமாக நின்றன. உப்புக் காற்றில் டீசல் மணம். தளத்தில் கொழும்புக்குப் போகிற சின்னக் கப்பல் கட்டியிருந்தது. அவள் காகிதம் போட்ட பதினெட்டுப் பெட்டிகளில் கடைசி மூன்று ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தரையைவிட்டு எழும்பும்போது அவள் அதன் எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன.

பெட்டிகளைக் குறித்துக்கொண்டு நின்ற ஓர் ஊழியர் அவளைப் பார்த்தார். வயசு அதிகமில்லை, முகமெல்லாம் வெயில்.

"மேடம் துறைமுகத்துக்குப் புதுசா?"

"உள்ள வாறது இண்டைக்குத்தான் முதல் தரம்," என்றாள் நிரோஷினி, கண்ணைக் கப்பலிலிருந்து எடுக்காமல். "ஆனா இந்தத் துறைமுகத்தில இருந்து என்ன வெளிக்கிட்டாலும் அது எங்க போகும், எப்ப போகும் எண்டு எனக்குப் பதினொரு வருஷமாத் தெரியும்."